சிறுநீரகத் தழும்பேற்றம்: ஆராய்ச்சியின் வரலாறு

சிறுநீரகத் தழும்பேற்றம் என்பது, இரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகத் திசுக்கள் அழிந்து அவற்றின் இடத்தை நார்த்திசு பிடித்துக்கொள்ளும் நிலையாகும். சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக அழற்சி, பரம்பரைக் கோளாறு எனத் தொடக்கம் எதுவாக இருந்தாலும், நாள்பட்ட சிறுநீரக நோய் முற்றும்போது நுண்ணோக்கியில் தெரியும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். வடிகட்டும் நுண்நாள முடிச்சுகள் இறுகிப்போயிருக்கும், நுண்குழல்கள் மெலிந்திருக்கும், இடைவெளியெங்கும் கொலாஜன் இழைகள் நிறைந்திருக்கும்.

மனிதச் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. பிறந்த பிறகு புதிய நெஃப்ரான்கள் உருவாவதில்லை. ஆகவே தழும்பேற்றத்தின் வேகமே ஒரு நோயாளிக்கு டயாலிசிஸ் எப்போது தேவைப்படும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. இந்தத் தழும்பை உண்டாக்கும் மூலக்கூறுகள் எவை என்ற தேடலில் எதிர்பாராத ஒரு திருப்பம் உண்டு. தழும்பேற்றத்தை மெதுவாக்கும் மருந்து முதலில் பயனுக்கு வந்தது. அதன் முதன்மை மூலக்கூறு பிறகே தெரிந்தது. தெரிந்த மூலக்கூறை நேரடியாகத் தடுக்க முயன்றபோது, மனிதர்களிடம் அந்த முயற்சி பலிக்கவில்லை.

பிரைட் கண்ட சிறுநீரகங்கள்

லண்டனின் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட் (1789–1858), 1827இல் தம் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். உடல் வீக்கத்துடன் வந்த பலரின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் சூடாக்கினால், அது முட்டையின் வெள்ளைக்கருவைப்போல உறைந்தது. சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிந்திருப்பதன் அடையாளம் அது. அந்நோயாளிகள் இறந்தபின் செய்த சவப் பரிசோதனையில், சிறுநீரகங்கள் நோயுற்றுக் காணப்பட்டன. சில சிறுநீரகங்கள் சுருங்கிக் கடினமாகி, மேற்பரப்பு மணல்மணலாக இருந்தன.

வீக்கம், சிறுநீரில் புரதம், கெட்டுப்போன சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஒரே நோயின் அடையாளங்களாக இணைத்தது பிரைட்டின் பங்களிப்பு. நெடுங்காலம் சிறுநீரக அழற்சி நோய்கள் அனைத்தும் 'பிரைட் நோய்' என்ற ஒரே பெயரால் வழங்கப்பட்டன. 1842இல் வில்லியம் பௌமன், நுண்நாள முடிச்சான கிளாமருலசைச் சூழ்ந்துள்ள கிண்ணம் நுண்குழலுடன் தொடர்ந்து செல்வதைக் காட்டினார். 1851இல் ஜெர்மானிய மருத்துவர் ஃப்ரீட்ரிக் தியோடர் ஃபான் ஃப்ரெரிக்ஸ், பிரைட் நோயை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். அவற்றுள் கடைசிக் கட்டம் சிறுநீரகம் சுருங்குவது. 1914இல் ஃபிரான்ஸ் ஃபோல்ஹார்டும் தியோடர் ஃபாரும் இந்நோய்களை அழற்சி வகை, சிதைவு வகை, இரத்தக்குழாய் இறுகும் வகை என வகைப்படுத்தினர்.

இவர்கள் கண்டதெல்லாம் பெரும்பாலும் இறந்தவர்களின் சிறுநீரகங்களே. தழும்பு நோயின் முடிவாகவே கருதப்பட்டது. தழும்பேற்றம் தனக்கென ஓர் இயக்கம் உடையது என்ற எண்ணம் அப்போது உருவாகவில்லை.

மிஞ்சிய நெஃப்ரான்களின் சுமை

1932இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் சனுட்டினும் யூஜின் ஃபெரிசும் எலிகளின் சிறுநீரகத் திசுவில் பெரும்பகுதியை அறுவை செய்து நீக்கினர். மிஞ்சிய பகுதி நோயற்றது. ஆயினும் நாளடைவில் அந்த எலிகளுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்தது. சிறுநீரில் புரதம் கசிந்தது. மிஞ்சிய பகுதியும் கெட்டது. முதல் காயம் ஆறிய பின்னும் நோய் தானாக முன்னேறுகிறது என்பதை இச்சோதனை காட்டியது.

1960இல் நீல் பிரிக்கரும் உடன் பணியாற்றியோரும், நோயுற்ற சிறுநீரகத்தில் மிஞ்சியுள்ள நெஃப்ரான்கள் ஒழுங்காகவே இயங்கி, அழிந்தவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன என்ற கருதுகோளை முன்வைத்தனர். அந்தக் கூடுதல் உழைப்பே அவற்றை அழிக்கிறது என்ற அடுத்த படியை எடுத்து வைத்தவர்கள் பாஸ்டன் நகரில் பேரி பிரென்னரின் குழுவினர். மியூனிக்-விஸ்டார் என்னும் எலி வகையில் சில கிளாமருலஸ்கள் சிறுநீரகத்தின் மேற்பரப்பிலேயே அமைந்திருப்பதால், மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி அவற்றின் உள்ளே உள்ள அழுத்தத்தை நேரடியாக அளக்க முடியும். சிறுநீரகத் திசு குறைக்கப்பட்ட எலிகளில், மிஞ்சிய ஒவ்வொரு கிளாமருலசிலும் அழுத்தமும் வடிகட்டும் அளவும் உயர்ந்திருந்தன. 1981, 1982ஆம் ஆண்டுகளில் வெளியான இவர்களின் கட்டுரைகள் 'மிகை வடிகட்டல்' கொள்கையை நிலைநாட்டின. அழியும் ஒவ்வொரு நெஃப்ரானும் தன் சுமையைப் பக்கத்து நெஃப்ரான்மீது ஏற்றிவிட்டுப் போகிறது. அதனால் அதுவும் அழிகிறது. இதுவே அந்த விஷச் சுழல்.

இடைத்திசுவின் முக்கியத்துவம்

1951இல் கோபன்ஹேகன் மருத்துவர்களான இவர்சனும் புரூனும் ஊசியின் மூலம் உயிருள்ளவரின் சிறுநீரகத்திலிருந்து திசு எடுக்கும் முறையை விவரித்தனர். இதன்பின் ஒரே நோயாளியின் திசுவையும் சிறுநீரகச் செயல்திறனையும் ஒப்பிட வழி பிறந்தது. 1968இல் ரிஸ்டன், ஸ்லோப்பர், டி வார்டனர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு பலரை வியக்க வைத்தது. நோய் கிளாமருலசில் தொடங்கியிருந்தாலும், செயல்திறன் எவ்வளவு குறைந்துள்ளது என்பதைக் கிளாமருலசின் சேதத்தைவிட நுண்குழல்களிலும் அவற்றுக்கிடையேயுள்ள இடைத்திசுவிலும் ஏற்பட்ட சேதமே நன்கு காட்டியது. இன்றும் திசு ஆய்வு அறிக்கையில் இடைத்திசுத் தழும்பின் விழுக்காடு குறிப்பிடப்படுவதற்கு இதுவே அடிப்படை.

இடைத்திசுவிலேயே தொடங்கும் நோயும் உண்டு. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் நெல் விவசாயிகளிடையே 1990களிலிருந்து கவனத்துக்கு வந்த, காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய் அவ்வகையைச் சேர்ந்தது. அந்நோயாளிகளுக்குச் சர்க்கரை நோய் போன்ற வழக்கமான காரணங்கள் இருப்பதில்லை. சிறுநீரில் புரதமும் குறைவாகவே கசிகிறது. திசு ஆய்வில் தெரிவது முதன்மையாக நுண்குழல் சிதைவும் இடைத்திசுத் தழும்புமே.

பாம்பு நஞ்சிலிருந்து வந்த மருந்து

1898இல் சுவீடனில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் பெர் பெர்க்மனும், முயலின் சிறுநீரகச் சாற்றில் இரத்த அழுத்தத்தை உயர்த்தும் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டு அதற்கு ரெனின் என்று பெயரிட்டனர். ரெனின் தொடங்கிவைக்கும் வேதிவினைத் தொடரின் முடிவில் ஆஞ்சியோடென்சின்-2 உருவாகிறது. இரத்தக்குழாய்களைச் சுருக்குவது இதன் வேலை. 1965இல் பிரேசில் அறிவியலாளர் செர்ஜியோ ஃபெரேரா, ஜராராக்கா என்னும் விரியன் வகைப் பாம்பின் நஞ்சிலுள்ள ஒரு காரணியை விவரித்தார். அது ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் நொதியைத் தடுக்கும் என்பது பின்னர் தெரிந்தது. அந்த அறிவைக் கொண்டு டேவிட் குஷ்மனும் மிகேல் ஒண்டெட்டியும் உருவாக்கிய கேப்டோபிரில் என்னும் மாத்திரைக்கு 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்காக உருவான மருந்து அது.

கிளாமருலசிலிருந்து இரத்தம் வெளியேறும் வெளிச்செல் நுண்தமனியை ஆஞ்சியோடென்சின்-2 அதிகமாகச் சுருக்குகிறது. வெளியேறும் வழி குறுகினால் உள்ளே அழுத்தம் கூடும். இதனைச் சோதிக்க பிரென்னரின் குழுவினர் எலிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு கேப்டோபிரில் வகையைச் சேர்ந்த எனாலாபிரிலும், மற்றதற்கு வேறு மூன்று இரத்த அழுத்த மருந்துகளும் தரப்பட்டன. உடலின் இரத்த அழுத்தம் இரு பிரிவிலும் ஒரே அளவு குறைந்தது. ஆனால் எனாலாபிரில் பெற்ற எலிகளில் மட்டுமே கிளாமருலசின் உள் அழுத்தம் தணிந்து தழும்பும் குறைந்தது. இம்முடிவு 1986இல் வெளியானது.

மனிதர்களில் இதற்கான சான்று 1993இல் கிடைத்தது. எட்மண்ட் லூயிஸ் தலைமையில், முதல் வகைச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 409 பேரில் ஒரு பிரிவினருக்கு கேப்டோபிரிலும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தரப்பட்டன. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு இரட்டிப்பானவர்கள் மருந்துப் பிரிவில் 25 பேர். போலி மாத்திரைப் பிரிவில் 43 பேர். இறப்பு, டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றில் ஒன்றை எட்டும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. சிறுநீரகம் கெடும் வேகத்தை மருந்தால் குறைக்க முடியும் என்பது உறுதியானது. ஆனால் அழுத்தம் எப்படிக் கொலாஜனாக மாறுகிறது என்ற கேள்விக்கு இதில் விடையில்லை.

டிஜிஎஃப்-பீட்டா

அந்த விடை புற்றுநோய் ஆய்விலிருந்து வந்தது. 1978இல் ஜோசப் டி லார்கோவும் ஜார்ஜ் டோடாரோவும், வைரசால் புற்றுத்தன்மை அடைந்த செல்கள் ஒரு பொருளைச் சுரப்பதையும், அது இயல்பான செல்களையும் புற்றுச் செல்களைப்போல வளரச் செய்வதையும் கண்டனர். பின்னர் அனிதா ராபர்ட்ஸ், மைக்கேல் ஸ்போர்ன் உள்ளிட்டோரின் ஆய்வுகளில், அத்தகைய விளைவுக்குக் காரணமான புரதங்களில் ஒன்று 'உருமாற்றும் வளர்ச்சிக் காரணி-பீட்டா' எனப் பெயர் பெற்றது. சுருக்கமாக டிஜிஎஃப்-பீட்டா. 1983இல் அது இரத்தத் தட்டுகள், நஞ்சுக்கொடி, மாட்டுச் சிறுநீரகம் ஆகிய இயல்பான திசுக்களிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. ஆகவே அது புற்றுநோய்க்கு மட்டும் உரிய பொருளன்று.

1986இல் ராபர்ட்சின் குழுவினர் அதனைப் புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சுகளின் தோலடியில் செலுத்தினர். சில நாள்களிலேயே அங்கே புண் ஆறும்போது தோன்றுவதைப் போன்ற நார்த்திசு உருவானது. டிஜிஎஃப்-பீட்டா காயத்தை ஆற்றும் மூலக்கூறு என்பதும், அது தழும்பையும் உண்டாக்கும் என்பதும் ஒரே சோதனையில் தெரிந்தன.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் வெய்ன் பார்டரின் குழுவினர் இதனைச் சிறுநீரகத்தில் சோதித்தனர். செயற்கையாகச் சிறுநீரக அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு டிஜிஎஃப்-பீட்டாவுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது, கிளாமருலசில் கொலாஜன் போன்ற பொருள்கள் படிவது வெகுவாகக் குறைந்தது. இது 1990இல் வெளியானது. டிஜிஎஃப்-பீட்டாவை இயல்பாகவே பிணைக்கும் டெக்கோரின் என்னும் புரதமும் எலிச் சிறுநீரகத்தைத் தழும்பிலிருந்து காக்கிறது என்பதை 1992இல் அவர்கள் காட்டினர். எதிர்த்திசைச் சோதனையை ஜப்பானில் இசாக்கா உள்ளிட்டோர் 1993இல் செய்தனர். டிஜிஎஃப்-பீட்டாவின் மரபணுவை நலமான எலிச் சிறுநீரகத்தில் புகுத்தியபோது தழும்பு உண்டானது.

இம்மூலக்கூறு செயல்படும் விதம் படிப்படியாகத் தெளிவானது. செல்கள் அதனை உறை மூடிய, செயலற்ற வடிவில் வெளிவிட்டுத் திசுவில் சேமித்து வைக்கின்றன. காயம்பட்ட நுண்குழல் செல்களின் மேற்பரப்பில் அதிகரிக்கும் இன்டெக்ரின் வகைப் புரதம் ஒன்று அந்த உறையை விலக்கும் என்பது 1999இல் அறியப்பட்டது. விடுபட்ட டிஜிஎஃப்-பீட்டா செல்லின் ஏற்பியில் பொருந்தியதும், ஸ்மாட் எனப்படும் புரதங்கள் உட்கருவுக்குள் சென்று கொலாஜன் மரபணுக்களைத் தூண்டுகின்றன. அதே வேளையில், பழைய கொலாஜனைக் கரைக்கும் நொதிகளுக்குத் தடைபோடும் புரதங்களும் பெருகுகின்றன. உற்பத்தி கூடுகிறது, கழிவு குறைகிறது, எஞ்சுவது தழும்பாகிறது. ஸ்மாட்-3 இல்லாத எலிகளின் சிறுநீர்க்குழாயைக் கட்டிச் சோதித்தபோது, மற்ற எலிகளைவிட மிகக் குறைவான தழும்பே உருவானது என்பது 2003இல் தெரியவந்தது.

இரு பாதைகளும் சந்தித்த இடம்

அழுத்தத்தைப் பின்தொடர்ந்த ஆய்வும் தழும்பின் மூலக்கூறைப் பின்தொடர்ந்த ஆய்வும் 1990களின் முற்பகுதியில் ஒன்றுசேர்ந்தன. கிளாமருலசின் நுண்நாளங்களைத் தாங்கிநிற்கும் மெசாஞ்சியல் செல்களில் ஆஞ்சியோடென்சின்-2ஐ இட்டால், அவை டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரந்து அதன் வழியே கொலாஜன் போன்ற பொருள்களை உருவாக்குகின்றன என்பதை 1994இல் ககாமி, பார்டர், நான்சி நோபிள் உள்ளிட்டோர் காட்டினர். நுண்குழல் செல்களிலும் இத்தகைய விளைவு காணப்பட்டது. கேப்டோபிரில் போன்ற மருந்துகள் அழுத்தத்தைத் தணித்ததோடு, தழும்பின் தூண்டுகோலையும் ஓரளவு அடக்கியிருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. 2001இல் வெளியான இரு பெரிய சோதனைகளில், ஆஞ்சியோடென்சின் ஏற்பியைத் தடுக்கும் லோசார்டான், இர்பெசார்டான் ஆகிய மருந்துகள் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகங்களுக்கும் பாதுகாப்பு அளித்தன.

தழும்பை நெய்யும் செல்

கொலாஜனை உண்மையில் சுரப்பது எந்தச் செல் என்பது நீண்ட விவாதமானது. 1971இல் ஜூலியோ கபியானியின் குழுவினர், ஆறும் புண்களில் தசைச் செல்லைப்போலச் சுருங்கும் ஆற்றலுள்ள நார்ச்செல்களைக் கண்டனர். இவை மயோஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படுகின்றன. சிறுநீரகத் தழும்பிலும் இவை மிகுந்துள்ளன. ஆனால் இவை எங்கிருந்து வருகின்றன?

2002இல் எரிக் நீல்சனின் குழுவினர், எலிகளில் நார்ச்செல்களின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவை நுண்குழல் செல்களே உருமாறி வந்தவை என்றனர். 2010இல் பெஞ்சமின் ஹம்ஃப்ரீசும் உடன் பணியாற்றியோரும் செல்களுக்கு மரபணு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தபோது, அவ்வாறு உருமாறி வந்தவை எவையும் தென்படவில்லை. நுண்நாளங்களை ஒட்டியுள்ள பெரிசைட் செல்களும் இடைத்திசுவில் ஏற்கெனவே இருக்கும் நார்ச்செல்களுமே மூலம் என்றனர். 2021இல் வெளியான, மனிதச் சிறுநீரகச் செல்களைத் தனித்தனியே ஆராய்ந்த ஆய்வும் இக்கருத்தையே வலுப்படுத்தியது. அதற்காக நுண்குழல் செல்கள் இதில் பங்கற்றவை என்று பொருளில்லை. கடும் காயத்துக்குப்பின் செல் பிரிதலின் நடுவே சிக்கி நிற்கும் நுண்குழல் செல்கள், தழும்பைத் தூண்டும் சைகைப் புரதங்களை அண்டைச் செல்களுக்கு அனுப்புகின்றன என்பதை 2010இல் ஜோசப் பான்வென்ட்ரேயின் குழுவினர் காட்டினர். காயப்பட்ட நுண்குழல் குரல் கொடுக்கிறது. அக்கம்பக்கத்து நார்ச்செல் நெய்கிறது.

நேரடித் தடையும் அதன் தோல்வியும்

எலிகளில் இவ்வளவு தெளிவான முடிவு கிடைத்தபின், மனிதர்களிலும் டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுப்பதே அடுத்த படியாகத் தோன்றியது. ஆனால் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 1992இல் டிஜிஎஃப்-பீட்டா-1 மரபணு நீக்கப்பட்ட எலிகள் பிறந்து சில வாரங்களிலேயே பல உறுப்புகளில் பரவிய கடும் அழற்சியால் இறந்தன. தழும்பை உண்டாக்கும் அதே மூலக்கூறுதான் நோயெதிர்ப்புச் செல்களைக் கட்டுக்குள் வைக்கிறது. செல்கள் கட்டின்றிப் பெருகுவதையும் அது பல இடங்களில் தடுக்கிறது. அதனை முழுதாக அடக்குவது ஆபத்து. அரைகுறையாக அடக்கினால் பயன் போதாது.

சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 416 பேரிடம் டிஜிஎஃப்-பீட்டா-1க்கு எதிரான எதிர்ப்பொருள் சோதிக்கப்பட்டது. அவர்கள் ஏற்கெனவே ஆஞ்சியோடென்சின் தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டிருந்தனர். புதிய மருந்தால் கூடுதல் பயன் இல்லை எனக் கண்டு சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2017இல் வெளியாயின. எலிக்கு நோய் தொடங்கியவுடன் மருந்து கொடுக்கலாம். மனிதருக்கு நோய் தெரியவருவதற்குள் தழும்பு பல ஆண்டுகள் முற்றியிருக்கும். எலிச் சோதனையில் ஒரு காயம் ஒருமுறை உண்டாக்கப்படுகிறது. சர்க்கரை நோயிலோ காயம் நாள்தோறும் தொடர்கிறது. இந்த வேறுபாடுகள் அத்தோல்வியோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

மீண்டும் அழுத்தத்திடம்

அடுத்த பெரிய முன்னேற்றம் மீண்டும் வேறு திசையிலிருந்து வந்தது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரிக்கப்பட்ட ஃப்ளோரிசின் என்னும் பொருள் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும். அதன் வழிவந்த மருந்துகள், நுண்குழல் சர்க்கரையையும் உப்பையும் மீண்டும் உறிஞ்சுவதைத் தடுக்கின்றன. அப்போது கிளாமருலசுக்கு இரத்தம் கொண்டுவரும் உட்செல் நுண்தமனி குறுகி, உள் அழுத்தம் தணிகிறது. 2019இல் 4401 பேரிடம் கானாகிளிஃப்ளோசினும், 2020இல் 4304 பேரிடம் டாபாகிளிஃப்ளோசினும் சோதிக்கப்பட்டபோது, சிறுநீரகச் செயலிழப்பு குறைந்தது. இரண்டாவது சோதனையில் சர்க்கரை நோய் இல்லாதவர்களும் பயன் பெற்றனர். பிரென்னர் எலிகளில் அளந்த அதே அழுத்தத்தையே இம்மருந்துகளும் குறைக்கின்றன. 2020இல் வெளியான வேறொரு பெரிய சோதனையில், ஆல்டோஸ்டீரோன் பொருந்தும் ஏற்பியைத் தடுத்து அழற்சியையும் தழும்பேற்றத்தையும் குறைக்கும் நோக்கில் உருவான ஃபினரினோன் பயனளித்தது.

தழும்பு கரையுமா?

உருவான சிறுநீரகத் தழும்பைக் கரைப்பதற்கென அனுமதிக்கப்பட்ட மருந்து எதுவும் இதுவரை இல்லை. ஆயினும் தழும்பு என்றும் மாறாதது என்ற பழைய நம்பிக்கையை ஒரு சிறிய ஆய்வு அசைத்திருக்கிறது. 1998இல் பாவோலா ஃபியோரெட்டோ, மைக்கேல் மவர் உள்ளிட்டோர், முதல் வகைச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்த 8 பேரின் திசு ஆய்வுகளை வெளியிட்டனர். அவர்களுக்கு மாற்றுக் கணையம் பொருத்தப்பட்டதால் இரத்தச் சர்க்கரை இயல்பான அளவுக்கு வந்திருந்தது, சிறுநீரகங்கள் அவர்களுடையவையே. ஐந்தாம் ஆண்டு எடுத்த திசுவில் முன்னேற்றம் இல்லை. பத்தாம் ஆண்டில், தடித்திருந்த வடிசவ்வுகள் மெலிந்திருந்தன. கிளாமருலசில் படிந்திருந்த பொருள் குறைந்திருந்தது. இடைத்திசுவிலும் சேர்ந்திருந்த கொலாஜன் குறைந்ததை 2006இல் அதே குழுவினர் தெரிவித்தனர்.

அந்த எட்டுப் பேருக்கும் டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுக்கும் மருந்து எதுவும் தரப்படவில்லை. காயம் நின்றது, பத்தாண்டு காலம் கிடைத்தது. படிந்ததைக் கரைக்கும் வேலையைச் சிறுநீரகமே செய்தது.